கீழ்வயல் வாத்துகள் என்ன தின்றன

புரூனாவுக்குக் கோபம் வந்தால் முதலில் பாத்திரச் சத்தம் நின்றுபோகும். அதுவரைக்கும் தாமிரச் சட்டியில் மரக்கரண்டி உராய்வதும், குழாய் கொட்டுவதும், அவள் யாரையாவது திட்டிக்கொண்டே வேலை செய்வதும் கேட்டபடி இருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கிவிட்டால் மேசையில் இருப்பவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவது நல்லது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வைத்துவிட்டேன். குவெரினோ வைக்கவில்லை.

“வாத்து சுட அனுமதி வாங்கியாச்சு அண்ணி. பசங்களும் ரெடி. நீங்க கீழ்வயல் கேட்டைத் தொறந்து விட்டாப் போதும்,” என்றான், வாய் நிறைய பொலெந்தாவோடு. மக்காச்சோள மாவைக் கிண்டி எடுத்த அந்தக் களி இல்லாமல் அந்த வீட்டில் ஒருவேளைச் சாப்பாடு கிடையாது.

“எந்தப் பசங்க?”

“போன வருஷம் வந்தாங்களே, அவங்கதான்.”

“ஓ,” என்றாள் புரூனா. “போன வருஷம் வந்தவங்க.”

அவள் கணவன் சில்வானோ, குவெரினோவின் அண்ணன், ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். பிய்த்த துண்டை இன்னும் பிய்த்தான். அவனுக்குத் தெரிந்த சமாதான வழி அது ஒன்றுதான்.

நிலம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. வாய்க்கால் ஓரமாக மேடாகக் கிடப்பது மேல்வயல். சதுப்பை ஒட்டிப் பள்ளமாக இறங்குவது கீழ்வயல். மேல்வயலைக் குவெரினோ பார்த்துக்கொள்வான்; கீழ்வயல் புரூனாவின் பொறுப்பு. சில்வானோ இரண்டுக்கும் நடுவே டிராக்டர் ஓட்டுவான். குவெரினோ கல்யாணம் கட்டவில்லை. அவன் வயிறு அண்ணி கையில்தான். அவர்கள் அப்பன் இத்தாலியிலிருந்து கப்பலேறி உலகத்தின் இந்தத் தென்கோடிக்கு வந்து, இந்த மரும்பிட்ஜி ஆற்றுத் தண்ணீரை நம்பிக் காடு திருத்திய காலத்திலிருந்து ஒரே உலைதான். நான் எதிர்க்கரை. பம்பு, அறுவடை இயந்திரம் எது நின்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். எதுவும் நிற்காவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை நானே போய்விடுவேன்.

“மேல்வயலைப் போய்ப் பாத்தீங்களா?” என்றான் குவெரினோ. “விமானத்துல வெத தூவி எத்தனை நாளாச்சு? பச்சை புடிச்சிருக்கணும். அங்கங்க சொட்டை விழுந்து கெடக்கு.”

“உன் தலையப் பாத்துட்டு வந்து சொல்றியா?”

சில்வானோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலாக மாற்றிக்கொண்டான்.

“சிரிங்கண்ணே, சிரிங்க. விடிஞ்சா வயல் முழுக்க வாத்து. கருவாத்து, கிளுவை, எல்லாம் நம்ம விருந்தாளி. முளையை ஒவ்வொண்ணா நோண்டித் தின்னுட்டு, உங்க கீழ்வயல் சதுப்போரம் போய் ஒதுங்குதுங்க.”

“நீ பாத்தியா திங்கறதை?”

“வயல்ல நிக்குது அண்ணி!”

“வயல்ல நின்னா நெல்லைத் திங்குதுன்னு அர்த்தமா? நீகூடத்தான் நாள் முழுக்க வயல்ல நிக்கற. வேலையா செய்யற?”

குவெரினோ கரண்டியை வைத்துவிட்டான். காது மடல் சிவந்திருந்தது. நான் தட்டைப் பார்த்தேன்.

புரூனாவைப் பறவை ரசிகை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வாத்துக் கறி வதக்கி, தடித்த நூடுல்ஸில் பிரட்டி அவள் கொடுத்தால் நான் வெட்கமில்லாமல் மூன்றாவது தடவையும் தட்டை நீட்டுவேன். அவளுக்கு வாத்து சாவதில் வருத்தமில்லை. அது எப்படிச் சாகிறது என்பதில்தான் வருத்தம். போன வருஷம் கிளப்பிலிருந்து குவெரினோவின் சேக்காளிகள் வந்தார்கள். நாள் முழுக்கச் சுட்டார்கள். சாயங்காலம் செத்ததையெல்லாம் வண்டிக்கு முன்னால் வரிசையாகக் கிடத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். பீர் குடித்தார்கள். போய்விட்டார்கள்.

மறுநாள் களை பிடுங்க இறங்கியது புரூனா. கோரைக்கு உள்ளே, வரப்போரமாக, இறக்கை தொங்கியும் கால் ஒடிந்தும் கண்ணில் குண்டு பாய்ந்தும் உயிர் போகாமல் கிடந்தவற்றை அவள்தான் கண்டாள். நடக்க முடிந்தவை சேற்றில் இழுத்துக்கொண்டு ஓடின. அவள் துரத்திப் பிடித்து ஒவ்வொன்றாகக் கழுத்தைத் திருகினாள். ஒருநாள் வேலை இல்லை. ஒரு வாரத்துக்கு இருந்தது. அதில் ஒரு குருகும் கிடந்தது. அதைச் சுட எவனுக்கும் அனுமதி கிடையாது. அந்த வாரம் அவள் வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன். ரத்தமெல்லாம் எப்போதோ போய்விட்டிருந்தது.

“கேட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு,” என்றாள் புரூனா. “எங்கிட்டயே இருக்கும்.”

“அப்ப நெல்லு போகட்டுமா?”

“நெல்லைத் திங்கலைன்னு காமிச்சா?”

“எப்படிக் காமிப்பீங்க? வாத்தைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்குவீங்களா?”

“வாங்குறேன் பாரு,” என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தேய்க்கப் போனாள். சத்தம் மறுபடி ஆரம்பித்தது. நாங்கள் மூச்சு விட்டோம்.

வாத்திடம் சத்தியம் வாங்க வந்தவள் பெயர் டாம்சின். பல்கலைக்கழகத்துக்காரி, தெனிலிக்வின் ஊருக்குப் பக்கத்து ஆட்டுப்பண்ணைக்காரர் மகள். மூக்கில் எப்போதும் வெயிலுக்காக வெள்ளையாகக் களிம்பு அப்பியிருக்கும். நெல் வயல்களில் திரியும் நீர்ப்பறவைகள் எதைத் தின்று வாழ்கின்றன என்று பார்ப்பதற்காக அந்த வருஷம் எங்கள் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தாள். பாதிப் பேர் அவளைக் கேட்டுக்குள்ளேயே விடவில்லை. புரூனா அவள் வண்டியை ரோட்டில் மறித்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள்.

“வயித்தைக் கிழிச்சுப் பாப்பியா?” என்று முதலில் கேட்டாள்.

“இல்லக்கா. வயித்துல இருக்கறது நேத்து ராத்திரி தின்னது மட்டுந்தான். அதுவும் புழு சீக்கிரம் கரைஞ்சிடும், நெல்லுதான் கரையாம கெடக்கும். அதைப் பாத்து ஏமாந்துடலாம். நான் ரெண்டு சொட்டு ரத்தம் எடுப்பேன். போன சில வாரமா என்ன தின்னுச்சோ அது ரத்தத்துல இருக்கும்.”

“ரத்தத்துல நெல்லு மெதக்குமா?”

“மெதக்காது,” என்று சிரித்தாள் டாம்சின். “கரி இருக்கு பாருங்க, கார்பன், அதுலயே லேசு ஒண்ணு, கனம் ஒண்ணு இருக்கு. நெல்லு கனமானதைக் கொஞ்சமாத்தான் சேத்துக்கும். இன்னொரு ஜாதிப் பயிரு இருக்கு, அது கூடுதலா சேத்துக்கும். உங்க வயல்ல களையா மண்டுதே குதிரைவாலிப் புல்லு, அது அந்த ஜாதி. எதைத் தின்னுச்சோ அதோட கணக்கு அப்படியே வாத்து உடம்புக்கு ஏறும். அதே மாதிரி நைட்ரஜனைப் பாத்தா புழு பூச்சி தின்னுச்சா, வெறும் தழை தானியம் தின்னுச்சான்னு தெரியும்.”

“அப்ப பொய் சொல்ல முடியாது.”

“வாத்தால முடியாது.”

வீட்டுக்குப் பின்னால் இருந்த குட்டையில் விடிகாலையில் வலை போட்டார்கள். வலை தூக்கிக் கட்டும் கம்பியை நான்தான் பற்றவைத்துக் கொடுத்தேன், அதனால் கூடவே நின்றேன். நல்ல குளிர். இரவில் தெற்குக் காற்று வீசி, முந்தின நாள் வெக்கையைத் துடைத்துப் போட்டிருந்தது. வாத்துகள் தாமாகவே கரையேறி எங்கள் காலடிக்கு வந்தன.

“எங்கயும் இப்படிப் பாத்ததில்லக்கா,” என்றாள் டாம்சின். “மத்த இடத்துல வலையைக் கண்டாலே பறந்துடும். இங்க என்னமோ கல்யாண வீட்டுக்கு வர்ற மாதிரி வருதுங்க.”

“என் கையைப் பாத்துப் பழகிடுச்சு,” என்றாள் புரூனா பெருமையாக.

ஒரு கருவாத்தை அவள் அக்குளில் இடுக்கிப் பிடித்துக்கொண்டாள். டாம்சின் இறக்கையை விரித்து, அடியில் ஓடும் நரம்பில் ஊசி நுனியால் தொட்டு, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை உறிஞ்சி எடுத்தாள். பஞ்சை அழுத்திக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டுவிட்டாள். வாத்து உடம்பைச் சிலுப்பிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. அதற்கு நாங்கள் பெரிய விஷயமாகவே தெரியவில்லை.

பிறகு வாத்துக்குக் கிடைக்கிற தீனியை எல்லாம் சேகரிக்க வேண்டும் என்றாள் டாம்சின். தீனியின் கணக்கும் கையில் இருந்தால்தான் ரத்தத்தின் கணக்கைப் புரிந்துகொள்ள முடியுமாம். புரூனா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். நெல் முளை, குதிரைவாலி முளை, போன வருஷம் உதிர்ந்து சேற்றில் கிடந்த குதிரைவாலி விதை, நத்தை, தண்ணீர்ப்பூச்சி எல்லாம் எடுத்தாள். சேற்றை அள்ளிச் சல்லடையில் அலசியபோது செக்கச்செவேலென்று புழுக்கள் நெளிந்தன. நூல் மாதிரி மெலிதாக இருந்தாலும் இளம் நெல் வேரைக் கடித்து வயலையே சொட்டையாக்கிவிடும் ஜாதி.

“இதைப் பாருங்க லெஸ் அண்ணே,” என்று என்னிடம் நீட்டினாள். “சொட்டைக்குக் காரணம் இவன். பழி வாத்து மேல.”

“வேற ஏதாவது விட்டுப்போச்சாக்கா? இங்க வாத்துக்குக் கிடைக்கிறது எல்லாம் வேணும்.”

புரூனா வயலைச் சுற்றிலும் பார்த்தாள். “அவ்வளவுதாண்டி. வேற என்ன இருக்கு இங்க?” என்றாள்.

டிசம்பர் தொடக்கத்தில், எங்கள் பக்கம் கோடை பிறக்கும் நேரத்தில், முடிவு வந்தது. டாம்சின் அதைப் போனில் சொல்லாமல் நேரே வந்தாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமாகப் பார்த்து வந்ததால் அவளுக்கும் ஒரு தட்டு போட்டார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. ஜன்னல் வலையில் ஈக்கள் மொய்த்துக் கிடந்தன.

“நெல்லு ரொம்பக் கம்மி,” என்றாள் டாம்சின். “கரிக் கணக்கு அப்படியே அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு. குதிரைவாலிதான். நான் எதிர்பாத்ததைவிட ரொம்ப ஜாஸ்தி. உங்க களையைத்தான் தின்னுட்டிருக்குங்க.”

புரூனா கையைத் தட்டவில்லை, கத்தவில்லை. நிதானமாகக் குவெரினோவின் தட்டில் இன்னொரு அகப்பை பொலெந்தா வைத்தாள். அதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது.

குவெரினோ மெல்லுவதை நிறுத்தினான். “களையா?” என்றான். “அவ்வளவு வாத்தும் களை புடுங்கவா வந்துச்சு? அப்ப கூலி குடுத்துட வேண்டியதுதான்.”

“குடு,” என்றாள் புரூனா. “உனக்குச் சோறு போடறதைவிட அதுக்குப் போடலாம்.”

சில்வானோ எழுந்து எல்லோருக்கும் திராட்சைச் சாராயம் ஊற்றினான். வீட்டில் ஒரு சண்டை தானாகவே முடிந்துவிட்டதில் அந்த மனுஷனுக்கு அவ்வளவு நிம்மதி. டாம்சின் ஒரு வாய் குடித்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அந்த ஜாதிப் பயிரே வேற மாதிரிதான் மாமா,” என்று அவனுக்கு விளக்க ஆரம்பித்தாள். “குதிரைவாலி மட்டும் இல்ல. கரும்பு அந்த ஜாதி. மக்காச்சோளம் அந்த ஜாதி.”

சமையலறையில் சத்தம் நின்றது.

நான் திரும்பிப் பார்த்தேன். புரூனா தாமிரச் சட்டியைச் சாய்த்துப் பிடித்தபடி நின்றிருந்தாள். அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டிக்கொண்டிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

“மக்காச்சோளமா?” என்றாள்.

“ஆமாக்கா.”

“மாவாக்கிக் கிண்டினா அந்தக் கணக்கு மாறுமா?”

“மாறாது. எப்படிச் சமைச்சாலும்…” என்று சொல்லிக்கொண்டே வந்த டாம்சின் சட்டியைப் பார்த்தாள். பிறகு புரூனாவைப் பார்த்தாள்.

சில்வானோவுக்கு எங்கள் எல்லோரையும்விட முன்பே புரிந்துவிட்டது. அவனும் அந்த வீட்டில்தானே இருக்கிறான். “புரூனா,” என்றான் மெதுவாக. “காபி போடேன்.”

“காபி இருக்கட்டும்.”

“போடேன். முடிவு நமக்குச் சாதகமா வந்தாச்சு. விடு.”

புரூனா சட்டியைக் கொண்டுவந்து மேசை நடுவில், தட்டுகளுக்கு மத்தியில் வைத்தாள். “இந்தக் காந்தலை நான் தெனமும் சுரண்டி குட்டையில போடுறேன்,” என்றாள். “கலியாணமாகி வந்த நாள்லேருந்து. வாத்து எல்லாம் அதுக்குத்தான் கரையேறி வருது. வலையில வந்து விழுந்ததும் அதனாலதான்.”

டாம்சின் தட்டைத் தள்ளிவைத்தாள்.

“என்ன என்ன தின்னும்னு கேட்டேனேக்கா,” என்றாள் டாம்சின், அழாக்குறையாக.

“நீ தீனி என்னன்னு கேட்டே. இது தீனியாடி? சட்டி கழுவுறது.”

குவெரினோ சிரிக்க ஆரம்பித்தான். நாற்காலி கிறீச்சிட, தொடையைத் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். “களை புடுங்குதாம்! பொலெந்தா தின்னுட்டிருக்கு! அண்ணே, உங்க பொண்டாட்டி வாத்துக்கு விருந்து வச்சு சாட்சிக்குக் கூட்டி வந்திருக்கா!”

எனக்கு அவன்மேல் வந்த எரிச்சலுக்கு அளவில்லை. எழுந்து அவன் தலையில் சட்டியைக் கவிழ்க்கலாமா என்றிருந்தது. ஆனாலும் அவன் சொன்னதில் தப்பு இல்லை.

“சிரிச்சு முடிச்சியா?” என்றாள் புரூனா. “நான் சொல்லாம இருந்திருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்காது.”

“அப்ப வாயை மூடு. நான் சொன்னதாலதான் நீ சிரிக்கிற.” அவள் அவன் எதிரே உட்கார்ந்தாள். “உன் மேல்வயல்ல மேயுற வாத்து இந்தக் குட்டைக்கு வர்றதில்ல. அது சதுப்பு மூலையில அடையுற வேற கூட்டம். இவ அதைப் புடிக்கட்டும். அது ரத்தத்தைப் பாக்கட்டும். அதுவரைக்கும் துப்பாக்கி கூடாது.”

“பாருங்க, தாராளமாப் பாருங்க,” என்றான் குவெரினோ. “என் வயல் வாத்து ரத்தத்தைப் புழிஞ்சா நெல்லு கொட்டும். நானே வந்து புடிச்சுத் தர்றேன்.”

டாம்சின் புரூனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சொன்னதுக்கு ரொம்ப நன்றிக்கா. இதை நான் எழுதி அனுப்பியிருந்தா…”

“நன்றி ஒண்ணும் வேணாம். சாப்பிடு. ஆறிப்போச்சு.”

சில்வானோ மட்டும் அன்று சாயங்காலம் பம்புக் கொட்டகையில் என்னிடம் புலம்பினான். “ஏன் லெஸ், அவ ஒரு வார்த்தை சொல்லாம இருந்திருக்கக்கூடாதா? யாருக்கு என்ன நஷ்டம்? எல்லாம் அடங்கியிருக்கும்.”

“நீயே போய்க் கேளேன்.”

“நானா?” என்றான், பயந்துபோய்.

குவெரினோ சொன்னபடியே வாத்து பிடிக்க வந்தான். அதைப் பார்க்க நான் வேலையை விட்டுவிட்டுப் போனேன். இந்த வாத்துகளுக்கு மனிதக் கையைத் தெரியாது. வலையைக் கண்டு சிதறின. விழுந்த சிலவற்றைக் குவெரினோ மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். ஒரு கிளுவை அவன் சட்டையில் தாராளமாகக் கழிந்தது. “என்ன தின்னுச்சுன்னு இதுலயே பாத்துக்கலாமே,” என்றேன். டாம்சின் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவன் ஒரு நிமிஷம் அந்தக் கிளுவையைக் குனிந்து பார்த்தான். அது அவன் கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு விடாமல் இருந்தது. “சின்னதா இருந்துட்டு என்ன திமிரு,” என்றான்.

அதற்குப் பிறகு வெயில் ஏறியது. வடக்குக் காற்று செம்மண்ணை வாரிக்கொண்டு வந்தது. காயப்போட்ட துணியெல்லாம் செங்கல் நிறமானது. மேல்வயலில் சொட்டைகள் அப்படியே இருந்தன. கீழ்வயலில் நெல் முழங்காலுக்கு வந்துவிட்டது. குவெரினோ சாப்பிட வந்தால் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டுப் போனான். புரூனா அவனுக்குக் குறைத்துப் போடவில்லை, ஆனால் பேசவில்லை. பேசாத சாப்பாடு அந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை. இரண்டு தடவை ஏதோ வேலை இருப்பதாகச் சொல்லிப் போகாமலே இருந்துவிட்டேன்.

குவெரினோவால் பொறுக்க முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை காலை, முடிவு வருவதற்கு முன்பே கிளப் ஆட்களை வரச் சொல்லிவிட்டான். நான் சத்தம் கேட்டு வாய்க்கால் பாலம் தாண்டிப் போனபோது கீழ்வயல் கேட்டுக்கு வெளியே வண்டிகள் நின்றன. பின்பக்கத்தில் நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டு நின்றன. கேட்டுக்கு உள்ளே புரூனா நின்றிருந்தாள். சில்வானோ கேட்டுக்கு வெளியேயும் இல்லை, உள்ளேயும் இல்லை. கேட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“முடிவு வரட்டும்னு சொன்னே,” என்றாள் புரூனா.

“எப்ப வரும்? அறுப்புக்கு அப்புறமா? பசங்க காலையில எந்திரிச்சு வந்திருக்காங்க. மானத்தை வாங்காதீங்க அண்ணி.”

“உன் மானம் கேட்டுக்கு வெளியதான் இருக்குதா?”

அப்போதுதான் டாம்சினின் வெள்ளை வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. சில்வானோ அவளுக்குப் போன் செய்திருக்கிறான். பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவள் ஆய்வுக்கூடத்து ஆளை நச்சரித்து முடிவை வாங்கி வந்திருந்தாள். இறங்கும்போதே அவள் முகம் சரியாக இல்லை.

“சொல்லு,” என்றாள் புரூனா.

“அக்கா, உள்ள போய்ப் பேசலாமா?”

“இங்கயே சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்.”

டாம்சின் குவெரினோவைப் பார்த்தாள், வண்டிகளைப் பார்த்தாள். “புழுவும் பூச்சியும்தான் நெறைய,” என்றாள். “நைட்ரஜன் கணக்கு நல்லாக் காட்டுது. அப்புறம் குதிரைவாலியும் இருக்கு. ஆனா நெல்லும் தின்னுருக்கு. கிட்டத்தட்ட கால் பங்கு.”

“கேட்டீங்களா அண்ணி!” என்று குவெரினோ வண்டிப் பானட்டில் ஓங்கி அறைந்தான். “கேட்டீங்களா எல்லாரும்? தின்னுருக்கு!”

“கால் பங்குதான்,” என்றாள் டாம்சின். “முக்காப் பங்கு உங்களுக்கு உதவிதான் செஞ்சிருக்கு. அந்தச் செவப்புப் புழுவை…”

“தின்னுருக்கா இல்லையா?”

“தின்னுருக்கு.”

புரூனா ஏதாவது வழி கண்டுபிடிப்பாள், ஆய்வில் குற்றம் சொல்வாள், வேறு வாத்து பிடிக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எதுவும் செய்யவில்லை.

“சரி,” என்றாள். “நெல்லு திங்காதுன்னு நெனச்சேன். தின்னுருக்கு. நான் நெனச்சது தப்பு.”

“அப்ப கேட்டைத் தொறங்க.”

“இரு. நான் சுடக்கூடாதுன்னுதான் சொன்னேன். நெல்லு நெல்லுன்னு பேச்சை மாத்தினது நீ. நானும் அறிவு கெட்டுப்போய் அது பின்னாலயே ஓடினேன். வாத்து நல்லதுன்னு நிரூபிச்சாத்தான் எனக்குப் பேச வாய் இருக்குன்னு நெனச்சுட்டேன். நெல்லே தின்னட்டும்டா. முழுசா நெல்லையே தின்னுருந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன்.”

சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தாள். கேட்டைத் தன் பக்கமாக இழுத்து, அது வரப்பில் முட்டும்வரை அகலமாகத் திறந்துவிட்டாள். குவெரினோவே ஒரு அடி பின்னால் போனான்.

“வாங்க,” என்றாள், வண்டிகளில் இருந்தவர்களைப் பார்த்து. “நல்லாச் சுடுங்க. ஆனா சுட்டு முடிச்சதும் ஒருத்தனும் பீரைத் தொறக்கக்கூடாது. பூட்ஸைக் கழட்டிட்டு என்கூடத் தண்ணியில இறங்கணும். இறக்கை ஒடிஞ்சது, குடல் சரிஞ்சது, கண்ணு போனது, எல்லாத்தையும் தேடிப் புடிக்கணும். அதுக கத்தும். புடிச்ச கையைக் கொத்தும். கழுத்தைத் திருகணும். ஒரே திருகுல போகாது, ரெண்டு மூணு தடவை திருகணும். கடைசி வாத்து சாகறவரைக்கும் யாரும் கரையேறக்கூடாது. நாளைக்கும் வரணும். நாளன்னைக்கும் வரணும். போன வருஷம் நான் செஞ்சேன். இந்த வருஷம் நீங்க.”

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு நாய் மட்டும் குதித்து இறங்கிக் கேட்டுக்குள் ஓடியது. அதன் சொந்தக்காரன் சீட்டியடித்துத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டான்.

புரூனா அவர்கள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினாள். வாத்துகள் சடசடவென்று எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி, சதுப்பை ஒட்டிய மூலையில் மறுபடி இறங்கின. அவள் அந்த மூலைக்கும் கேட்டுக்கும் நடுவே, நெல்லுக்குள் கெண்டைக்கால் தண்ணீரில் போய் நின்றுகொண்டாள். இப்போது யார் சுட்டாலும் குண்டு அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

“என்ன, யாரும் வரலையா?” என்று அங்கிருந்து கத்தினாள்.

கடைசி வண்டி முதலில் பின்வாங்கியது. அது போனதும் மற்றவையும் ஒவ்வொன்றாக. “கிளப்புல பாக்கலாம் குவெரினோ,” என்று ஒருவன் கையை ஆட்டிவிட்டுப் போனான். குவெரினோ மட்டும் துப்பாக்கியோடு நின்றான். போகிற வண்டிகளின் பக்கம் அவன் திரும்பவே இல்லை. அவனைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

“வெளிய வாங்க அண்ணி,” என்றான். குரல் உடைந்திருந்தது. “நான் ஒருத்தனே போதும். வெளிய வாங்க.”

“நீ உள்ள வா!”

சில்வானோ கேட்டுத் தூணை விட்டான். வரப்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். காலுறையைச் சுருட்டி அதற்குள் வைத்தான். தண்ணீரில் இறங்கி, தடுமாறித் தடுமாறி நடந்து, பெண்டாட்டி பக்கத்தில் போய் நின்றான். போன வருஷம் அவள் அந்தச் சேற்றில் கிடந்தபோது அவன் டிராக்டரை விட்டு இறங்கியதில்லை. நாங்கள் யாருமே இறங்கியதில்லை.

அவன் தம்பியைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவனிடம் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியறியாதவன், தொண்டையை இரண்டு தடவை கனைத்துக்கொண்டான்.

“துப்பாக்கியை வண்டியில வச்சிட்டு வீட்டுக்குப் போ குவெரினோ,” என்றான். “நாங்க இங்கதான் நிப்போம்.”